ஊசி முனையில் ஓடும் கார்!

வடசேரியில் செய்யப்படும் கோவில் நகைகள் புகழ் பெற்றவை. கல் பதிக்கும்போது மயிரிழை பிசகினாலும் நகை பாழ்!

காரிலும் அப்படி ஒரு நுணுக்கமான உறுப்பு உண்டு. பழைய கார்களில் இருக்கும் 'கார்புரேட்டர்'தான் அது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது அதன் வேலை. ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 15 கிலோ காற்று வேண்டும்.

அம்பாசிடரின் உறவுக்காரன்

1955-ல் இங்கிலாந்தில் 'எம்.ஜி.ஏ.' என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதன் 1,489 சி.சி. என்ஜினும், நம் அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்த என்ஜினும் ஒரே குடும்பம்! எம்.ஜி.ஏ.வில் 'எஸ்.யூ.' கார்புரேட்டர்கள் இரண்டு.

எஸ்.யூ.வுக்குள் ஓர் ஊசி இருக்கும். நுனி போகப்போக மெலியும். என்ஜின் அதிகக் காற்றை இழுத்தால் ஊசி மேலே ஏறும். பெட்ரோல் வரும் துளை அகலும்.

பெரியது நல்லதா?

பழைய கார் திணறுகிறது. புது கார்புரேட்டர் வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள்! முதலில் அச்சைப் பாருங்கள். அது தேய்ந்தால் காற்று கசிந்து கலவை கெடும். அச்சையும் ஊசியையும் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமா? பழைய அளவிலேயே வாங்குங்கள். எம்.ஜி.ஏ.வுக்கு அது ஒன்றரை அங்குலம். அளவுக்கு மீறிப் பெரியதைப் பொருத்தினால், மெதுவாகப் போகும்போது கார் தடுமாறும். ஊசியும் அந்த என்ஜினுக்கு உரியதாக இருக்கட்டும்.

ரப்பர் வளையங்களையும் கவனியுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். எம்.ஜி.ஏ.வில் கார்புரேட்டருக்குக் கீழேயே கொதிக்கும் புகைக்குழாய் இருக்கிறது.

பெட்ரோல் சொட்டினால் தீதான்!