ஒரு ஆன்டெனா, இரண்டு டிவி: படம் ஏன் மங்குகிறது?

1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியது. அதைப் பிடிக்க வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து மாடிகளில் ஆன்டெனாக்கள் தெற்கே திரும்பின. ரூபவாகினியின் பிதுருதலாகல மலைக் கோபுரம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளி. வந்து சேர்வதே கடைமடைத் தண்ணீர் அளவுதான்.

அதை இரண்டு டிவிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதித் திறன். 3 டெசிபல் இழப்பு. பக்கத்து நிலையமென்றால் கண்ணுக்கே தெரியாது. தூரத்து நிலையமென்றால் திரையெங்கும் புள்ளிமழை.

கம்பிகளை வெறுமனே முறுக்கி ஒட்டுவது (எல்லாரும் செய்ததுதான்!) இன்னும் மோசம். 75 ஓம் கேபிள் இரண்டைச் சேர்த்தால் 37.5 ஓம் ஆகிவிடும். பொருந்தாத அந்த இடத்தில் சிக்னலில் ஒரு பகுதி திரும்பி ஓடும். நீளமான கேபிளில் அதுவே நிழல் உருவமாகத் திரையில் விழும். சிக்னலைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குள் இருக்கும் ஃபெரைட் சுருள் இதைச் சரிக்கட்டுகிறது.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டருக்கு இடம் ஆன்டெனாவுக்கு அருகில், ஸ்பிளிட்டருக்கு முன்னால். சிக்னல் தேய்ந்த பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.