ஒரிஜினல்தானா பாஸ்?

மோதிரத்துல மின்னுற கல் நிஜமா, டூப்பான்னு வீட்டுலயே செக் பண்ண ஒரு வடசென்னை கைடு!

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்துட்டா க்ளாஸ்ல ரெண்டு மாற்றம் நடக்கும். ஒண்ணு, பசங்க முகத்துல இருந்த தாடி காணாமப் போகும். இன்னொண்ணு, ஆள்காட்டி விரல்ல திடீர்னு ஒரு மஞ்சக்கல் மோதிரம் முளைக்கும். "இன்னா மச்சான் இது?"ன்னு கேட்டா, "குரு பலம் வேணுமாம்டா, அம்மா போட்டு வுட்டாங்க"ன்னு வழிவான்.

அந்த வழிசலை நானும் வழிஞ்சிருக்கேன். ஃபைனல் இயர்ல, திருவொற்றியூர்ல எங்க அம்மா சீட்டு எடுத்த பணத்துல 18,000 ரூபாயை எண்ணிக் கொடுத்து ஒரு மோதிரம் வாங்கிட்டு வந்தாங்க. ஆறு காரட் 'கனகபுஷ்பராகம்'. கடைக்காரர் கொடுத்த கியாரண்டி ஒரே வரிதான்: "ஒரிஜினல் கல்லும்மா. கண்ணாடியா இருந்தா கடையையே எழுதித் தர்றேன்."

அந்த மோதிரத்தோட கதையைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, உங்க வீட்டு பீரோவுல இருக்குற கல்லை எல்லாம் எடுத்து வைங்க.

நம்ம ஏரியா, கல் ஏரியா!

ராயபுரத்துல இருந்து பாரிமுனைக்குப் போற வழியில மண்ணடியில ஒரு நிமிஷம் நின்னு தெருப் பலகைகளைப் படிச்சிருக்கீங்களா? பவளக்காரத் தெரு! 17, 18-ம் நூற்றாண்டுகள்ல ஐரோப்பாவுல இருந்து வந்த யூத வியாபாரிகள் மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே இறக்கி வித்தாங்க. திரும்பிப் போறப்ப கோல்கொண்டா வைரத்தை வாங்கிட்டுப் போனாங்க. அந்தத் தெரு இருக்குற முத்தியால்பேட்டையோட பேருலயே முத்து இருக்கு. தெலுங்குல 'முத்யாலு'ன்னா முத்துக்கள்.

கோட்டையில கவர்னரா இருந்த தாமஸ் பிட், 1700-களோட ஆரம்பத்துல ஜாம்சந்த்-ங்கிற வியாபாரிகிட்ட 410 காரட் பட்டை தீட்டாத வைரம் ஒண்ணை வாங்கினார். ஜாம்சந்த் முதல்ல கேட்டது 2 லட்சம் பகோடா. பேரம் பேசிப் பேசி 48,000-க்கு முடிச்சார் பிட். 1717-ல அதை ஃபிரான்ஸ் அரச குடும்பம் 1,35,000 பவுண்டுக்கு வாங்கிச்சு. 'ரீஜென்ட்'ங்கிற பேர்ல இன்னைக்கும் பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு. ஆக, கல்லைப் பார்த்து, பேரம் பேசி வாங்குற வேலை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. நமக்குத்தான் கல்லைப் பார்க்கத் தெரியல!

டெஸ்ட் 1: லென்ஸ்

பத்து மடங்கு பெருசாக் காட்டுற நகைக்காரர் லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து வாங்கிடுங்க. கல்லுக்குள்ள உருண்டையா காத்துக் குமிழி தெரிஞ்சா பெரும்பாலும் அது கண்ணாடி. இயற்கைக் கல்லுக்குள்ள ஊசி மாதிரிக் கோடுகள், கைரேகை மாதிரி வரிகள், குட்டிக் குட்டி படிகங்கள் இருக்கலாம். உள்ளே ஒண்ணுமே இல்லாம பளிங்கு மாதிரி, சைஸும் பெருசு, விலையும் கம்மின்னா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

அடுத்து, பட்டைகளோட ஓரத்தைப் பாருங்க. எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரி கிளப்பிவிடுற தூசு இருக்கே, அதுல குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். மோஸ் அளவுகோல்ல குவார்ட்ஸோட கடினம் 7. கண்ணாடி சுமார் 5.5. மாணிக்கம், நீலம், கனகபுஷ்பராகம் மூணும் 9, வைரம் 10. தூசு படிஞ்ச கல்லைச் சட்டையில தேய்ச்சுத் தேய்ச்சுத் துடைச்சாலே கண்ணாடியோட ஓரம் மழுங்கிடும். வாங்கி ரெண்டே வருஷத்துல 'நீலக்கல்' ஓரமெல்லாம் தேஞ்சு கிடக்குதுன்னா, மேட்டர் புரிஞ்சுதா?

டெஸ்ட் 2: உதடு

கல்லை உதட்டுல வைங்க. குவார்ட்ஸ், மாணிக்கம் மாதிரி படிகக் கற்கள் உடம்புச் சூட்டை வேகமாக் கடத்திடும். அதனால ஜில்லுன்னு இருக்கும். கண்ணாடி அவ்வளவு ஜில்லுன்னு இருக்காது, சீக்கிரமே சூடாகிடும். பிளாஸ்டிக் ஆரம்பத்துலயே வெதுவெதுன்னுதான் இருக்கும். இது க்ளூ மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

டெஸ்ட் 3: முடி

பாட்டி பூஜை அறையில வெச்சிருக்குற ஸ்படிக உருண்டைக்கு இது. வெள்ளைப் பேப்பர் மேல ஒரு தலைமுடியைப் போட்டு, அது மேல உருண்டையை வெச்சு மெதுவா உருட்டிக்கிட்டே பாருங்க. ஸ்படிகம்ங்கிறது குவார்ட்ஸ். அதுக்குள்ள போற ஒளி ரெண்டாப் பிரியும். அதனால சில திசைகள்ல ஒரு முடி ரெண்டு முடியாத் தெரியும். கண்ணாடி உருண்டையில எப்படி உருட்டினாலும் ஒண்ணுதான்.

டெஸ்ட் 4: லேப்டாப்பும் கூலிங் கிளாஸும்

அதே ஒளி விளையாட்டோட டிஜிட்டல் வெர்ஷன். எல்.சி.டி. லேப்டாப்ல வெள்ளை ஸ்க்ரீன் ஓப்பன் பண்ணுங்க. போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாப் பார்த்துக்கிட்டே, ஸ்க்ரீன் கறுப்பாகுற வரைக்கும் கிளாஸைச் சுத்துங்க. இப்போ ரெண்டுக்கும் நடுவுல கல்லைப் பிடிச்சு மெதுவாத் திருப்புங்க. குவார்ட்ஸ், மாணிக்கம், நீலம், மரகதம் எல்லாம் ஒரு முழுச் சுத்துல நாலு தடவை பளிச், நாலு தடவை இருட்டு. கண்ணாடி பெரும்பாலும் இருட்டாவே இருக்கும். சிலதுல அலை அலையா நிழல் ஓடும். கல்லை வேற வேற பக்கத்துல இருந்து பாருங்க, ஏன்னா ஒரே ஒரு திசையில நல்ல கல்லும் ஏமாத்தும். இன்னொரு எச்சரிக்கை: வைரம், கார்னெட், ஸ்பைனல் எல்லாம் நிஜக் கல்லாவே இருந்தாலும் இருட்டாத்தான் தெரியும்.

டெஸ்ட் 5: ஆர்க்கிமிடீஸ்

இதுதான் ஹீரோ! கெமிஸ்ட்ரி லேப்ல இருக்குற 0.01 கிராம் துல்லியத் தராசு போதும். கல்லை மோதிரத்துல இருந்து கழட்டி எடை போடுங்க. அப்புறம் தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு ஜீரோ பண்ணுங்க. கல்லை மெல்லிசு நூல்ல கட்டி, அடியில, பக்கத்துல எங்கேயும் படாம தண்ணிக்குள்ள முழுசாத் தொங்கவிடுங்க. இப்போ தராசு காட்டுற எண்ணால, முதல் எடையை வகுத்தா அடர்த்தி ரெடி.

மாணிக்கம், நீலம், கனகபுஷ்பராகம்னா சுமார் 4.0. வெள்ளை டோபாஸ், வைரம் ரெண்டும் சுமார் 3.5. ஸ்படிகம், செவ்வந்திக்கல், சிட்ரின் 2.65. அமெரிக்கன் டைமண்ட்னு சொல்ற ஸிர்கோனியா 5.6-க்கு மேல. கண்ணாடி மட்டும் எதுல செஞ்சதுங்கிறதைப் பொறுத்து மாறும். ஒரு காரட்ங்கிறது 0.2 கிராம்தான். அதனால அஞ்சு காரட்டுக்குக் கீழ உள்ள குட்டிக் கல்லுக்கு இந்தத் தராசை நம்பாதீங்க.

முத்து, பவளம்

முத்தை முன்பல்லுல லேசா உரசுங்க. நிஜ முத்து பொடி மணல் மாதிரி நறநறங்கும். போலி வழுக்கும். துளை போட்ட இடத்தை லென்ஸ்ல பாருங்க, பூச்சு உரிஞ்சிருந்தா டூப். ஆனா வளர்ப்பு முத்தும் நறநறக்கும்! அதுவும் சிப்பிக்குள்ள விளைஞ்சதுதானே. இயற்கை முத்தா, வளர்ப்பான்னு பிரிக்க எக்ஸ்ரே வேணும்.

பவளத்துல மெல்லிய இணைகோடுகள் தெரியணும். நெயில் பாலிஷ் ரிமூவர்ல நனைச்ச பஞ்சால, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில தொட்டுப் பாருங்க. பஞ்சு சிவந்தா சாயம். இன்னொண்ணு: மன்னார் வளைகுடா மாதிரி நம்ம கடல்ல இருக்குற பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. 'நேரா கடல்ல இருந்து எடுத்தது'ன்னு யாராவது நீட்டினா வாங்கவே வாங்காதீங்க.

இதெல்லாம் வேணாம் ப்ளீஸ்!

'பால்ல போட்டா பால் சிவக்கும், அதுதான் மாணிக்கம்'னு சொல்வாங்க. சிவப்புக் கண்ணாடியைப் போட்டாலும் அப்படித்தான் தெரியும். 'தண்ணியில போட்டா ஸ்படிகம் மறைஞ்சிடும்'பாங்க. மறையாது, கண்ணாடியை விட பெரிய வித்தியாசமும் தெரியாது. தலைமுடியைச் சுத்தித் தீ வெச்சா கருகாதுங்கிறதும் வேஸ்ட். கல் சூட்டை இழுத்துக்கும், அதே வேலையைக் கண்ணாடியும் செய்யும்.

கல்லை எதுலயும் கீறிப் பார்க்காதீங்க, நல்ல கல்லும் பாழாகும். முக்கியமா எலுமிச்சைச் சாறு, நெருப்பு ரெண்டும் கூடவே கூடாது. இப்போ சந்தையில விரிசல்களைக் கண்ணாடியால அடைச்ச மாணிக்கம் நிறைய. புளிப்பு பட்டா அந்த அடைப்பு அரிச்சுப்போகும். பவளமும் முத்தும் சுண்ணாம்புச் சத்து, அதுங்களும் அவுட். மரகதத்துல எண்ணெய் ஏத்தியிருப்பாங்க, சுடுதண்ணியில போட்டா வெளியே வந்துடும்.

வீட்டுல மாட்டாத வில்லன்

இவ்ளோ டெஸ்ட்டையும் தாண்டிப் போற ஒருத்தன் இருக்கான். லேப்ல வளர்ந்த கல்! 1902-லயே வெர்னூயி-ங்கிற ஃபிரெஞ்சு விஞ்ஞானி, அலுமினாப் பொடியை நெருப்புல உருக்கி மாணிக்கம் வளர்க்குற முறையை வெளியிட்டார். அது போலி இல்லை. அதே வேதிப்பொருள், அதே கடினம், அதே 4.0. சுரங்கத்துல இருந்து வரல, அவ்ளோதான். நம்ம திருச்சி வட்டாரத்துல எத்தனையோ குடும்பங்கள் இந்த மாதிரி செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியே பொழைச்சாங்க.

வைரமும் அப்படித்தான். லேப்ல வைரம் வளர்க்குற ஆராய்ச்சிக்காக 2023-ல மத்திய அரசு சுமார் 243 கோடி ரூபாயை ஒதுக்கினது எங்கே தெரியுமா? நம்ம கிண்டி ஐ.ஐ.டி.க்கு! அந்த வைரத்துக்கும் சுரங்க வைரத்துக்கும் வித்தியாசத்தைச் சொல்ல பெரிய மெஷின் வேணும். உங்க லென்ஸும் உதடும் ஒண்ணும் பண்ண முடியாது. விலை அதிகமான கல்லுன்னா லேப் சர்டிஃபிகேட் ஒண்ணுதான் வழி.

மோதிரக் கதை

இப்போ எங்க அம்மா மோதிரத்துக்கு வருவோம். தெரு முனை ஆசாரி கல்லைக் கழட்டிக் கொடுத்தார். லேப்ல எடை 1.20 கிராம். கனகபுஷ்பராகமா இருந்தா தண்ணியில 0.30 காட்டணும். காட்டினது 0.45. வகுத்தா 2.67. 'அய்யோ, கண்ணாடி!'ன்னு பதறிட்டு, லேப்டாப் முன்னாடி திருப்பினேன். பளிச், இருட்டு, பளிச், இருட்டு. கண்ணாடி இல்லை. சிட்ரின்! குவார்ட்ஸ் குடும்பத்து மஞ்சக்கல். கனகபுஷ்பராகத்தோட விலையில ஒரு துளிதான் அதுக்கு.

யோசிச்சுப் பாருங்க. கடைக்காரர் ஒரு வார்த்தை பொய் சொல்லலை. அது 'ஒரிஜினல் கல்'தான். கண்ணாடி இல்லைதான். பில்லை எடுத்துப் பார்த்தேன். 'கல் மோதிரம் - 1'. அவ்ளோதான். கடைக்குப் போய்க் கேட்டப்போ, "பில்லுல புஷ்பராகம்னு எங்கப்பா இருக்கு?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. அந்த 18,000 எங்க அம்மாவோட ரெண்டு வருஷ சீட்டு.

அதனால கடையில 'ஒரிஜினல்தானா?'ன்னு கேட்கவே கேட்காதீங்க. அந்தக் கேள்விக்கு எல்லாக் கடையிலயும் 'ஆமா'தான் பதில். மூணு கேள்வி கேளுங்க: இது என்ன கல்? இயற்கையா, லேப்ல வளர்ந்ததா? சூடு, சாயம், கண்ணாடி அடைப்புன்னு ஏதாவது பண்ணியிருக்கா? மூணு பதிலும், காரட் எடையும் பில்லுல ஏறணும். ஏத்த மாட்டேன்னா, நன்றி சொல்லிட்டு வெளியே வந்துடுங்க. எழுதிக் கொடுத்துட்டு ஏமாத்தினா 1915-க்கு அடிங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயும் புகார் கொடுக்கலாம். 5 லட்ச ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

ராசி பார்க்குறதும் பார்க்காததும் உங்க இஷ்டம். அம்மாவோட காசுக்குக் கணக்குப் பார்க்கத்தான் வேணும்.

அம்மாகிட்ட சொல்லலாமா, வேணாமான்னு மூணு நாள் முழிச்சேன். நாலாவது நாள் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப கண்ணாடி இல்லைல்ல?"ன்னாங்க. இல்லைம்மான்னேன். "சரி, வுடு. போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

போன மாசம் தங்கச்சிக்கு மூக்குத்தி வாங்கப் போனோம். வேற கடை. பையன் ட்ரேயை நீட்டி, "எல்லாம் ஒரிஜினல் கல்லும்மா"ன்னான். அம்மா கண்ணாடியை மூக்குல ஏத்தி வெச்சுக்கிட்டுச் சொன்னாங்க:

"அது இருக்கட்டும் தம்பி. இன்னா கல்லு, பேரை பில்லுல எழுது."