முகவரியும் வழிமாற்றும்

ஒருவர் நெடுநாள் வாழ்ந்த வீட்டை விட்டு வேறொரு தெருவிற்குக் குடிபெயர்வாராயின், அவர் முதற்கண் செய்யவேண்டுவது அஞ்சல் நிலையத்திற்குத் தம் புதிய முகவரியை எழுதிக் கொடுப்பதாகும். அங்ஙனம் செய்தால், பழைய முகவரியிட்டு வரும் மடல்களும் அவரைத் தேடிப் புதிய இல்லத்திற்கு வந்து சேரும். செய்யாது விடின், அம்மடல்கள் எழுதியவர்க்கே திரும்பிச் செல்லும். இணையத்தில் அமைந்துள்ள வலைத்தளங்களுக்கும் இந்நிலை உண்டு.

இன்று உலகெங்கும் பரந்துள்ள வலையைத் தோற்றுவித்தவர் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் ஆவார். சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, 1989-ஆம் ஆண்டில் அவர் அதற்கான திட்டத்தை எழுதினார். ஒவ்வொரு பக்கத்திற்கும் தனித்ததொரு முகவரி. ஒரு பக்கத்திலுள்ள சொல்லைத் தொட்டவுடன் மற்றொரு பக்கத்தைத் திறக்கும் இணைப்பு. இவ்விரண்டுமே வலையின் உயிர்நிலை. இணைப்பு என்பது பிறிதொரு பக்கத்தின் முகவரியைத் தன்னுள் பொதிந்து வைத்திருப்பதே. ஆதலின், ஒரு பக்கத்தின் முகவரி மாறுமாயின், அதனைச் சுட்டி நிற்கும் இணைப்புகள் அனைத்தும் அக்கணமே பொருளற்றுப் போகும். அவற்றை எழுதியோர் எந்நாட்டினர், எத்துணையர் என்பதைத் தளத்திற்கு உரியவர் அறியார்.

திருக்குறளின் பழைய உரையாசிரியர்களிடையே குறட்பாக்களின் வரிசை ஒத்திருப்பதில்லை. ஓர் உரைப் பதிப்பின் எண்ணைக் கொண்டு மற்றோர் உரையில் குறளைத் தேடுவோர் சில இடங்களில் இடர்ப்படுவர். ஆயினும் அங்கே குறள் தொலைந்துவிடுவதில்லை. நூலைப் புரட்டினால் கிடைத்துவிடும். வலையிலோ முகவரி பிழைத்தால் புரட்டுவதற்கு ஏடு இல்லை. ‘404’ என்னும் எண்ணே விடையாக வரும். ‘நீர் கேட்ட பக்கம் இங்கே காணப்படவில்லை’ என்பது அதன் பொருள்.

இவ்விழப்பு சிறிதன்று. அமெரிக்க நாட்டின் பியூ ஆராய்ச்சி மையம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ஆம் ஆண்டில் வலையில் இருந்த பக்கங்களுள் நூற்றுக்கு 38 பத்தாண்டுகளுக்குப் பின்னர் அடைய இயலாதனவாய்விட்டன. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் சான்றாகக் காட்டப்பெற்ற வலை முகவரிகளை ஹார்வர்டு சட்டக் கல்லூரியைச் சார்ந்தோர் ஆராய்ந்து 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழச் செம்பாதி, முதலில் காட்டிய செய்தியை இப்பொழுது காட்டவில்லை என்று அவர்கள் கண்டனர். தீர்ப்பு நிற்கின்றது, அதனைத் தாங்கிய சான்று மறைந்துவிட்டது.

முகவரி மாற்றத்தால் மற்றொரு கேடும் விளையும். அதனை உணர்வதற்குத் தேடுபொறி இயங்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாய் இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தை நிறுவினர். ஒரு பக்கத்தின் தகுதியை அப்பக்கமே தன்னைப்பற்றிக் கூறும் சொற்களைக்கொண்டு மட்டும் அளத்தல் போதாது என்பது அவர்கள் கருத்து. அதனைப் பிற பக்கங்கள் எத்துணை சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்கள்தாம் எத்தகைய மதிப்புடையன என்று அவர்கள் கணக்கிட்டனர். சான்றோர் ஒருவர் புகழ்ந்த சொல், அறியாதார் பலர் புகழ்ந்த சொல்லினும் மிக்க எடையுடையது அன்றோ! இன்று கூகுள் வேறு பல அளவைகளையும் கைக்கொள்கின்றது. எனினும் இணைப்புகளின் மதிப்பு நீங்கிவிடவில்லை. இம்மதிப்பு முகவரியைச் சார்ந்து நிற்பது. எனவே, யாதோர் ஏற்பாடும் இன்றி முகவரியை மாற்றுவோர், பல்லாண்டுகளாகச் சேர்ந்த நற்பெயரைப் பழைய வாயிலிலேயே விட்டுச் செல்பவர் ஆவர்.

அங்ஙனமாயின், தளத்தைத் திருத்தி அமைத்தலே கூடாதோ எனின், கூடும். பள்ளிகளும் நூலகங்களும் வாணிக நிலையங்களும் வளருந்தோறும், அவற்றின் தளங்களைப் பகுத்தும் தொகுத்தும் அமைக்கவேண்டிய தேவை எழவே செய்யும். அதற்குரிய கருவியே வழிமாற்று. பழைய முகவரியை நாடி ஒருவர் வரும்பொழுது, தளத்தைத் தாங்கும் கணினி ‘301’ என்னும் எண்ணுடன் புதிய முகவரியையும் விடையாக அளிக்கும். ‘இப்பக்கம் நிலையாக இடம் பெயர்ந்தது’ என்பது அவ்வெண்ணின் பொருள். உலாவி உடனே புதிய இடத்திற்குச் செல்லும். வந்தவர் மாற்றத்தை உணர்தலும் அரிது. தேடுபொறியும் தன் ஏட்டில் முகவரியைத் திருத்திக்கொண்டு, பழைய பக்கத்திற்கு உரிய மதிப்பைப் புதியதற்கு வழங்கும். ‘302’ என்னும் வேறோர் எண்ணும் உண்டு. அது சில நாள் மட்டும் இடம் மாறியிருப்பதைக் குறிக்கும். நிலையாகப் பெயர்ந்தவர் அதனை வழங்கினால், தேடுபொறி பழைய முகவரியையே பெரும்பாலும் தன் பட்டியலில் வைத்திருக்கும்.

இதில் அயர்வின்றிச் செய்யவேண்டிய உழைப்பு ஒன்று உண்டு. பழைய பக்கங்கள் அனைத்தையும் ஒரு பட்டியலில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரே அதற்கு ஈடான புதிய பக்கத்தைக் குறித்தல் வேண்டும். சோம்பலுற்றோர் சிலர் எல்லாப் பழைய முகவரிகளையும் தளத்தின் முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிடுவர். மருத்துவ மனையில் கண் மருத்துவரைத் தேடி வந்த முதியவரை வாயிற்காப்போன் மீண்டும் தெருவாயிலிலே கொண்டு நிறுத்துவது போன்றது அச்செயல். கூகுள் அத்தகைய வழிமாற்றைக் காணாமற்போன பக்கமாகவே கொள்ளக்கூடும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடம், அங்கிருந்து வேறோரிடம் எனச் சங்கிலியாக அலையவிடுதலும் நன்றன்று. கூகுளின் தேடுநிரல் அத்தகைய தாவல்களைப் பத்து வரையில் தொடரும். எனினும் நேரே இறுதி இடத்திற்கு வழிகாட்டுமாறே அது அறிவுரை கூறுகின்றது. வழிமாற்றுகளை ஓராண்டுக்குக் குறையாது வைத்திருக்கவேண்டும் என்பதும் அதன் அறிவுரையே.

விளம்பரத்தின் வழியே வருவோர்க்கு இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அவர்கள் வரும் முகவரியின் இறுதியில், ஒரு வினாக்குறியை அடுத்து, எவ்விளம்பரம், எத்தளம் என்று குறிக்கும் வால் போன்றதொரு தொடர் இருக்கும். அத்தகைய குறிப்புகளுள் பெரிதும் வழங்குவன ‘யுடிஎம்’ என்னும் சுருக்கத்தோடு தொடங்குவன. 2005-ஆம் ஆண்டில் கூகுள் விலைக்கு வாங்கிய அர்ச்சின் என்னும் நிறுவனத்தின் பெயரை அச்சுருக்கம் இன்றும் தாங்கி நிற்கின்றது. வழிமாற்று இவ்வாலை அறுத்துவிடுமாயின், வந்தவர் வந்து சேர்வர். எங்கிருந்து வந்தனர் என்பது மட்டும் கணக்கில் ஏறாது. பொருள் செலவிட்டவர், பயன் தந்த விளம்பரத்தையே வீணென்று கருதிக் கைவிடவும் நேரும். வேறு வேறு வாலுடைய ஒரே பக்கத்தைத் தேடுபொறி பல பக்கங்களாக எண்ணி மயங்குதலும் உண்டு. அம்மயக்கம் நீங்க, ‘இதன் முதன்மை முகவரி இது’ என்று பக்கத்தினுள்ளேயே குறிக்கும் முறையைக் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2009-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டன.

வருவோரை அடையாளம் காண்பதற்கு ‘குக்கீ’ என்னும் சிறு குறிப்பும் உண்டு. நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சார்ந்த லூ மான்டுல்லி 1994-ஆம் ஆண்டில் அதனை அமைத்தார். கடையில் ஒருவர் தெரிந்தெடுத்த பொருள்களைத் தளம் மறவாதிருத்தற்கே அது உதவிற்று. விளம்பர நிறுவனங்களோ அதனைக்கொண்டு ஒருவரைத் தளந்தோறும் பின்தொடரத் தொடங்கின. கடைக்காரர் தம் கடையில் விற்றதைக் குறித்துக்கொள்ளுதல் வேறு; வாங்கியவர் பின்னே தெருத்தெருவாகச் சென்று குறிப்பெடுத்தல் வேறு. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி இவ்வாறு பின்தொடரும் பிறர் குக்கீகளை 2020-ஆம் ஆண்டில் முற்றும் தடுத்தது.

முகவரியை வகுக்கும்போதே வருங்காலத்தை எண்ணி வகுத்தல் வேண்டும் என்று பெர்னர்ஸ் லீ 1998-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு ஆண்டுகட்கு மட்டுமன்றி இருபது ஆண்டுகட்கும் இருநூறு ஆண்டுகட்கும் அது நிலைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. எழுதியவர் பெயர், பக்கத்தை இயக்கும் மென்பொருளின் பெயர் போன்ற மாறுந்தன்மையுடையவற்றை முகவரியில் சேர்த்தலாகாது என்றும், பக்கம் தோன்றிய நாள் ஒருபொழுதும் மாறாதாதலின் அதனைச் சேர்க்கலாம் என்றும் அவர் அறிவுறுத்தினார். ஆயினும், அவர் தம் கையால் அமைத்த உலகின் முதல் வலைத்தளமே பின்னாளில் தன் பழைய முகவரியில் காணப்படாது போயிற்று. செர்ன் நிலையத்தார் 2013-ஆம் ஆண்டில் 1992-ஆம் ஆண்டுப் படியைத் தேடியெடுத்து, அதனை முன்பிருந்த முகவரியிலேயே மீண்டும் வைத்தனர்.