லிஃப்ட் செய்த ஜிம்னியின் ஸ்டீயரிங் ஏன் அலைகிறது? சரிசெய்ய என்ன வழி?

ஜிம்னி வாங்கிய கையோடு இரண்டு அங்குல லிஃப்ட் கிட், கூடவே பெரிய டயர். மலைப்பாதையில் வண்டி கம்பீரமாக ஏறுகிறது. ஆனால் நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் கதை மாறுகிறது. ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டாலே வண்டி சட்டெனத் திரும்புகிறது. நேராகப் போகவே ஓயாமல் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் லாரி கடந்தால் வயிற்றைக் கலக்குகிறது.

"லிஃப்ட் பண்ணா அப்படித்தான் சார் இருக்கும், போகப்போகப் பழகிடும்" என்ற பதிலைப் பலரும் கேட்டிருப்பார்கள். அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. லிஃப்டில் தொலைந்தது ஒரு கோணம். அதை அளக்கலாம், பெரும்பாலும் மீட்கவும் செய்யலாம்.

காஸ்டர் என்றால் என்ன?

சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது செங்குத்தாக இருக்காது. மேல்பகுதி ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருக்கும். காரின் முன்சக்கரம் திரும்பும் அச்சும் இப்படித்தான் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக்குப் பெயர் காஸ்டர். இதனால் வண்டி ஓடும்போது சக்கரம் தானாகவே நேராக முயலும். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

லிஃப்ட் அதை எப்படிக் கெடுக்கிறது?

ஜிம்னியில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே முழு ஆக்சில் இணைக்கிறது. அதை இரண்டு நீளமான ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. ஆர்மின் பின்முனை சேஸிஸில், முன்முனை ஆக்சிலில். சேஸிஸை உயர்த்தினால் பின்முனை மேலே போகும், ஆர்ம் முன்பக்கம் கவிழும், அதோடு ஆக்சிலும் முன்னோக்கி உருளும். காஸ்டர் குறைந்துவிடும்.

எவ்வளவு குறையும்? ஆர்மின் நீளம் 80 செ.மீ. என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 5 செ.மீ. உயர்த்தினால் அது சுமார் 3.6 டிகிரி சாயும். கம்பெனி தரும் காஸ்டரே ஒருசில டிகிரிதான். அப்படியானால் மிச்சம் என்ன இருக்கும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது பான்ஹார்டு ராடு. வண்டியை உயர்த்தும்போது அது ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். ஸ்டீயரிங் இணைப்பான டிராக் லிங்கும் பான்ஹார்டு ராடும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்றின் சாய்வை மட்டும் மாற்றினால், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும்.

எதிலிருந்து தொடங்குவது?

செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் போவதே நல்லது.

1. டயர்: காற்றழுத்தம், வீல் பேலன்சிங் இரண்டையும் பாருங்கள். ஆஃப்ரோடுக்காகக் குறைத்த காற்றை நிரப்ப மறந்தாலே வண்டி அலையும்.

2. தேய்மானம்: ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் டை ராடு எண்டு, பான்ஹார்டு புஷ், கிங்பின் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளத்தில் இறங்கியதும் முன்பக்கம் முழுக்க உதறினால், அலைன்மென்ட்டுக்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

3. அலைன்மென்ட் பிரிண்ட் அவுட்: டோ மட்டும் போதாது, காஸ்டர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கம்பெனி அளவுக்குக் கீழே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

4. காஸ்டரை மீட்பது: முழு ஆக்சிலில் அலைன்மென்ட் கடையில் பொதுவாக டோவை மட்டுமே மாற்ற முடியும். ஜிம்னிக்கு துளை மையம் விலகிய காஸ்டர் கரெக்‌ஷன் புஷ் அல்லது அதற்கென வளைத்த ஆர்ம் தேவை. லீஃப் ஸ்பிரிங் கொண்ட ஜிப்ஸிக்கு ஆப்பு வடிவ ஷிம். ஆனால் அளவு மீறக் கூடாது. ஆக்சிலைப் பின்னோக்கிச் சுழற்றும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணமும் மாறி, அதிர்வு வரலாம்.

5. பான்ஹார்டு ராடு: நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவரலாம். பிறகு ஸ்டீயரிங்கை நேராக்குவது கட்டாயம். அது கோணலாக இருந்தால், வண்டி திரும்புகிறது என்று இஎஸ்பி தவறாகப் புரிந்துகொள்ளலாம்.

பலர் முதலிலேயே ஸ்டீயரிங் டேம்பரை மாற்றுகிறார்கள். டேம்பர் உதறலை மட்டுப்படுத்தும். தொலைந்த காஸ்டரைத் திருப்பித் தராது.

தாருக்கும் இதே வழியா?

இல்லை. 2020இல் வந்த மஹிந்திரா தாரின் முன்பக்கம் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும். அதை உயர்த்தினால் கேம்பர், டோ எல்லாமே மாறும். பால் ஜாயின்ட்டும் டிரைவ் ஷாஃப்ட்டும் கூடுதல் சாய்வில் உழைக்கும். ஜிம்னிக்கான புஷ், ஆர்ம் இதற்குப் பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு. சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் காப்பீட்டுக் கோரிக்கையிலும் தலைவலி ஆகலாம்.

அதனால் கிட்டுக்குப் பணம் கட்டும் முன் ஆர்டிஓவிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே உயர்த்திய வண்டி என்றால், அடுத்த நெடுஞ்சாலைப் பயணத்துக்கு முன் அந்த காஸ்டர் எண்ணைப் பார்த்துவிடுங்கள். அது சரியாகும் வரை வேகம் வேண்டாம். சரிசெய்ய வழியே இல்லையென்றால், பழைய உயரத்துக்கு இறக்குவதும் ஒரு தீர்வுதான்.