கேஸ் தீராது, கசியும்

சித்திரை வெயிலில் கடலூர்–விருத்தாசலம் சாலையில், குள்ளஞ்சாவடி பக்கம் நின்று பாருங்கள். பழைய கார்கள் பல கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போகும். ஏசி இல்லாத கார்கள் அல்ல அவை. போன கோடையில் ஏற்றிய கேஸ் இந்தக் கோடைக்கு நிற்கவில்லை, அவ்வளவுதான். “வருஷா வருஷம் கேஸ் போடணும் சார், பழைய வண்டி இல்லையா” என்ற பேச்சை நம்பி, பெட்ரோல் போடுவதுபோல கேஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஏசியின் கேஸ் எரிந்து தீர்கிற பொருள் இல்லை. கம்ப்ரசர், கண்டன்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று மூடிய சுற்றில் ஒரே கேஸ்தான் சுற்றிச்சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல ஆண்டுகளில் கொஞ்சம் குறையலாம். ஒரே வருஷத்தில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் கேஸ் ஏற்றுபவர் உங்கள் பணத்தைக் காற்றில் விடுகிறார்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமுன் நாமே கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். காற்றே சரியாக வரவில்லை என்றால் கேஸைப் பழிக்காதீர்கள். கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது ப்ளோயர் மோட்டார் சோர்ந்திருக்கும். கடைசி ஸ்பீடில் மட்டும் காற்று வருகிறதா? ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். சிறிய செலவு. காற்று நன்றாக வந்து குளிர்ச்சி மட்டும் இல்லையென்றால், இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொல்லி, பானட்டைத் திறந்து, பெல்ட்டுக்குக் கை போகாத தூரத்தில் நின்று கவனியுங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு கம்ப்ரசரின் முன்தட்டு சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயில், எலி கடித்த வயர் என்று எதுவாகவும் இருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது. “கம்ப்ரசர் போச்சு” என்ற தீர்ப்பை இத்தனையும் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிற கார் இந்தப் பக்கத்தில் சகஜம். செம்மண் புழுதியும் நெய்வேலிப் பக்கத்துக் கரித்தூசியும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டன்சரில்தான் முதலில் அப்பும். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியதும் குளிர்ச்சி கூடினால், கண்டன்சர் அழுக்கு அல்லது அதன் ஃபேன் மீது சந்தேகம் வைக்கலாம். கழுவும்போது பிரஷர் பம்ப்பை நேராகப் பிடிக்க வேண்டாம். மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கேஜ் மாட்டிப் பார்க்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டு முள்ளும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. தாழ்வழுத்தத்தைக் காட்டும் நீல முள் உயர்ந்து, உயரழுத்தத்தைக் காட்டும் சிவப்பு முள் தாழ்ந்திருந்தால் கம்ப்ரசர் தளர்ந்திருக்கலாம். இரண்டுமே எகிறினால் கேஸ் அதிகம், அல்லது கண்டன்சர் சூட்டை வெளியேற்றவில்லை. கேஸைக் குத்துமதிப்பாக ஏற்றக் கூடாது. எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். கசிவை நைட்ரஜன் அழுத்தத்தில் கண்டுபிடித்து அடைத்து, வாக்யூம் போட்டு, எடை பார்த்து ஏற்றுவதுதான் முறை. சுற்றைத் திறந்தால் டிரையரையும் மாற்ற வேண்டும். கூலிங் காயில் ஓட்டை என்று டேஷ்போர்டை இறக்கச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

மலிவு கேஸ் விஷயத்தில் ஏமாந்தால் பணத்தோடு போகாது. 2000-க்குப் பிந்தைய பெரும்பாலான பழைய கார்களுக்கு ஆர்-134ஏ. அதற்குப் பதில் எரியும் தன்மையுள்ள எல்பிஜி வகைக் கலவையை ஏற்றினால், குளிர்ச்சி வரும். கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் கூடவே வரும். 2011-ல் வியட்நாமில் கப்பல் குளிர்பதனக் கொள்கலன்களில் போலி கேஸ் ஏற்றப்பட்டு, கம்ப்ரசர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கலப்படம் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் எரியும் பொருளாக மாறியது. கார் கம்ப்ரசரும் அலுமினியம்தான். சீல் உடைக்காத சிலிண்டரைக் காட்டச் சொல்வதில் வெட்கம் என்ன?

இன்னோர் ஆபத்து, இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவது. சைலன்சரில் ஓட்டை, தரைத்தகட்டில் துரு, தேய்ந்த கதவு ரப்பர் எல்லாம் பழைய காரில் சேர்ந்தே இருக்கும். வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வருவது தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததே காரணம் என்று தெரியவந்தது. மூடிய ஷெட்டில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது.

இனி பில். ஏசி வேலைக்குத் துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதித் தருவது வழக்கமாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. எந்தப் பாகம், எத்தனை கிராம் கேஸ், எத்தனை நாள் வாரண்டி என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். வேலை சரியில்லையென்றால் முதலில் அந்தக் கடைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லையென்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒர்க்‌ஷாப் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அங்கே பேசுவது காகிதம்தான். ஆகவே வேறொரு மெக்கானிக் பார்த்து எழுதிக் கொடுத்த குறிப்பையும் கையில் வைத்திருங்கள்.

பழைய கார் வாங்குவோருக்கு ஒரு சொல். டீலரிடம் வாங்கினால் மேற்சொன்ன வழி திறந்திருக்கிறது. தெரிந்தவரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினால் அவர் வணிகர் அல்ல. நுகர்வோர் ஆணையத்தில் அந்த வழக்கு நிற்பது கடினம். எனவே காலையில் பார்க்கப் போகாதீர்கள், மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள். ஏசியைப் போட்டு அரைமணி நேரம் ஓட்டி, பத்து நிமிஷம் நிறுத்தியும் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கார்ப்பெட்டைத் தூக்கி மண் படிவைத் தேடுங்கள். 2015 மழைக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் கேட்டே தீரவேண்டிய கேள்வி அது.