சுகமான பாதம் எது?



பழவேற்காடு ஏரிக்கு எங்களோடு ஒருமுறை வந்தீர்களானால், ஜனங்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பாதங்களைப் பார்க்கப் பழகிவிடுவீர்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய கிராமங்களின் மீனவர்கள் வெறுங்காலோடு ஏரியில் இறங்கி வலை கட்டுகிறார்கள். இருளர் குலப் பெண்கள் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். காலடியில் சிப்பி ஓடுகளும் கெளுத்தி முள்ளும் உண்டு. குத்தினவுடன் அலறிக் காலை எடுக்கிறவருக்கு ஆபத்து குறைவு. குத்தினதே தெரியாதவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சில வருஷங்களுக்கு முன் இப்பகுதியிலிருந்து ஒரு சகோதரர் எங்களிடம் வந்தார். தொழுநோய் மருந்தை முழுமையாகச் சாப்பிட்டு முடித்தவர், கிருமி போய்விட்டது. ஆனால் செத்த நரம்பு மருந்தினால் திரும்பி வருவதில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாக ஓடும் நரம்பு கெட்டுப்போனதால், அவருடைய பாதம் மேலே தூக்க முடியாமல் தொங்கியது. நடக்கும்போது முழங்காலை உயர்த்தி, பாதத்தைத் தரையில் அடித்து அடித்து வைப்பார்.

இதற்கு நல்ல அறுவை சிகிச்சை உண்டு. பாதத்தை உள்பக்கமாகத் திருப்பும் தசை ஒன்று பெரும்பாலும் கெடாமல் இருக்கும். அதன் தசைநாரை அது ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து விடுவித்து, கணுக்காலின் முன்பக்கம் கொண்டுவந்து, விரல்களைத் தூக்கும் தசைநார்களோடு தைத்துவிடுகிறார்கள். சில வாரம் மாவுக்கட்டு. பிறகு நோயாளி, "பாதத்தை உள்ளே திருப்பு" என்று மனதில் நினைத்தால், பாதம் மேலே எழும்பும்! இதைப் பழக்குகிற உடற்பயிற்சி அறையில் நாங்கள் பலமுறை நின்று பார்த்து கர்த்தரை ஸ்தோத்திரித்திருக்கிறோம்.

அந்தச் சகோதரரும் நன்றாக நடந்து வீடு திரும்பினார். சுகமானவர்கள் பட்டியலில் பெயரைச் சேர்த்தோம். எட்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். பாதம் அழகாகத் தூக்கியது. அதன் அடியிலோ எலும்பு தெரியும் அளவுக்குப் புண். எங்கள் பட்டியல் சரிதானா என்று அன்று வெட்கத்தோடு யோசித்தோம்.

அலங்கார வாசலண்டையில் எழுந்து நடந்த மனுஷனைப் பற்றி எழுதும் லூக்கா, வைத்தியரல்லவா, கணுக்காலையும் தனியே குறிப்பிடத் தவறவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அவன் எப்படி நடந்தான் என்று எழுதவில்லை. அந்தக் கேள்வியைத்தான் நம் நாட்டு மிஷன் மருத்துவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

கொல்லிமலையில் ஊழியஞ்செய்த மிஷனெரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறுவருஷம் டாக்டர் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அது ஆறாது என்பது அக்காலத்து நம்பிக்கை. பிராண்டும் அவருடைய தோழர்களும் புண்ணுள்ள பாதத்தை மாவுக்கட்டில் வைத்து ஓய்வு கொடுத்தபோது, அது மற்றவர்களுடையதைப் போலவே ஆறியது. கட்டை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பினால் மறுபடியும் புண். குற்றம் சதையில் இல்லை, வலி தெரியாமல் நடப்பதில் இருந்தது. நமக்கு ஓரிடத்தில் அழுத்தினால், அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். உணர்ச்சியில்லாதவர் அதே இடத்தில் ஆயிரமாயிரம் முறை மிதிக்கிறார்.

ஆகவே அறுவையின் பலனைப் பார்ப்பதென்றால், பாதம் எத்தனை பாகை எழும்புகிறது என்று கோணமானியால் அளந்தால் மட்டும் போதாது. குதிகால் முதலில் படுகிறதா, பாதம் உள்பக்கம் சாய்ந்து வெளி ஓரத்தில் மிதிபடுகிறதா, புதிய தழும்பு உண்டா என்றெல்லாம் வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும். வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் அறுவை அறைக்குச் சமமான இடம் செருப்புப் பட்டறைக்குக் கிடைத்ததற்குக் காரணம் இதுவே. மரம், மெழுகு, பிளாஸ்டிக் என்று பலவற்றைச் சோதித்த பின், பஞ்சு போன்ற மைக்ரோசெல்லுலார் ரப்பருக்கு வந்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்பது அதுதான். அதில் ஆணி அடிக்கக் கூடாது. ஆணி ஏறினாலும் தெரியாதே! பின்வாரும் வேண்டும், உணர்ச்சியற்ற காலிலிருந்து செருப்பு நழுவினால் தெரியாது.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே தொடர்ந்த ஆராய்ச்சி இன்று உலகெங்கும் சர்க்கரை வியாதிக்காரரின் பாதங்களைக் காக்கிறது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்துப் பார்க்கும் சோதனை அவற்றுள் ஒன்று. குப்பத்தில் அதை எடுத்தபோது, "ஐயரே, இது எங்க தங்கூசி நரம்புதானே!" என்று சிரித்தார்கள். பிறகு வரிசையாக உட்கார்ந்தார்கள். தொட்டது தெரியவில்லை என்றவர்களில் தொழுநோயே வராத சர்க்கரைக்காரரும் இருந்தார்கள்.

ஆனால் ஏரிச் சேற்றில் எம்.சி.ஆர். செருப்பு நிற்காது, சேறு இழுத்துக்கொள்ளும். மேலும் இங்கே பாடு முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பது முறைப்படி சுற்றி வரும். தன் பாடு வந்த நாளில் காலுக்கு ஓய்வு கொடு என்றால் எந்தக் குடும்பத் தலைவர் கேட்பார்? அந்தச் சகோதரர் கேட்கவில்லை; அவரைக் குறைசொல்லவும் எங்களுக்கு மனமில்லை.

இப்பொழுது தண்ணீரில் இறங்கும் வேலையைத் தம்பியிடம் விட்டு, அவர் படகில் கோல் போடுகிறார். கரையேறியதும் செருப்பு. இரவில் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, மனைவி விளக்கடியில் உள்ளங்காலைப் பார்க்கிறார். புறங்கையால் தொட்டு, ஓரிடம் மற்றதைவிடச் சூடாயிருந்தால் மறுநாள் அவருக்கு நடை இல்லை.

உங்களில் அநேகர் ஒரு அறுவைக்கென்று மனமுவந்து காணிக்கை அனுப்புகிறீர்கள். செருப்புக்கென்று அனுப்புகிறவர்கள் வெகு சிலரே. ரப்பர் அமுங்கிப்போகும், புதியது வேண்டும். எங்கள் செவிலியர் ஊர் ஊராகப் போய் உள்ளங்கால்களைப் பார்க்க வண்டிச் செலவும் உண்டு. இவ்விரண்டுக்கும் காணிக்கையை "பாதம்" என்று குறித்து அனுப்பலாம். ஐப்பசி மழைக்கு முன் அந்தச் சகோதரருடைய அடுத்த ஜோடியை எடுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.