வெளிநாட்டில் செவிலியர் வேலை: எந்தப் பணத்தை யாரிடம் கட்டுவது?

வெளிநாட்டில் செவிலியராக வேலை பார்க்க நினைப்பவருக்கு இரண்டு வகைச் செலவு உண்டு. ஒன்று தகுதி பெறுவதற்கான செலவு: தேர்வுக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்பு, மொழித் தேர்வு. மற்றொன்று வேலை பிடித்துத் தருவதற்கு ஏஜென்ட் கேட்கும் தொகை. முதலாவதை அந்தந்த அமைப்புக்கு நீங்களே நேரடியாகக் கட்டலாம். ரசீதும் உங்கள் பெயரில் வரும். இரண்டாவதற்குச் சட்டம் உச்சவரம்பு விதித்திருக்கிறது. இரண்டையும் கலந்து "எல்லாம் சேர்த்து இத்தனை லட்சம்" என்று ஒருவர் பேசினால், அந்த இடத்திலேயே எச்சரிக்கையாகிவிட வேண்டும்.

2015இல் கேரளத்தில் வெளியான மோசடியே இதற்குச் சாட்சி. குவைத் சுகாதார அமைச்சகத்துக்குச் செவிலியர்களை எடுத்துத் தந்த ஓர் ஏஜென்சி, அப்போது 19,500 ரூபாய் மட்டுமே வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரிடமும் சுமார் 19.5 லட்சம் ரூபாய் வாங்கியதாக சிபிஐ வழக்குப் பதிந்தது. அத்தனை பெரிய தொகையைக் கட்ட வீட்டை அடகு வைக்கும் குடும்பம், வேலை சரியில்லை என்றாலும் மகளைத் திரும்பி வரச் சொல்ல முடியாது.

தேர்வுகளும் தகுதியும்

இங்கே பதிவு பெற்றிருப்பதால் மட்டும் இன்னொரு நாட்டில் செவிலியராகப் பணிபுரிய முடியாது. அந்த நாட்டின் உரிமமும் வேண்டும்.

சவுதி அரேபியா, துபாய் போன்ற இடங்களுக்கு 'டேட்டாஃப்ளோ' சரிபார்ப்பும், நம் செவிலியர்கள் 'புரோமெட்ரிக்' என்று சொல்லும் கணினித் தேர்வும் முக்கியம். டேட்டாஃப்ளோ உங்கள் கல்லூரி, செவிலியர் கவுன்சில், வேலை பார்த்த மருத்துவமனை ஆகியவற்றையே நேரடியாகத் தொடர்புகொண்டு கேட்கும்.

பிரிட்டனில் உரிமம் தருவது அந்நாட்டுச் செவிலியர் கவுன்சிலான என்எம்சி. முதலில் கணினி வழித் தேர்வு. பிறகு பிரிட்டனில் 'ஆஸ்கி' எனும் செய்முறைத் தேர்வு. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதினால் வாசிப்பு, கேட்டல், பேச்சில் 7, எழுத்தில் 6.5 வேண்டும். ஓஇடி எழுதினால் எழுத்தில் சி பிளஸ், மற்ற மூன்றிலும் பி.

அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். ஆனால் தேர்வில் வென்ற பிறகும் குடியேற்ற விசாவுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். "ஆறே மாதத்தில் அமெரிக்கா" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

ஜெர்மனியில் முழு அங்கீகாரத்துக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பி2 நிலை தேவை. நம் படிப்புக்கும் அவர்கள் படிப்புக்கும் உள்ள இடைவெளியைக் குறிப்பிட்டு ஓர் ஆணை தருவார்கள். அங்கு ஒரு தேர்வு எழுதியோ தழுவல் பயிற்சி முடித்தோ அந்த இடைவெளியை நிரப்பலாம். அதுவரை உதவியாளர் நிலையில், குறைந்த சம்பளத்தில்தான் வேலை. ஒப்பந்தத்தில் அங்கீகாரத்துக்கு முன் என்ன சம்பளம், பின் என்ன சம்பளம் என்று இரண்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

குறுக்கு வழியின் விலை

"அனுபவச் சான்றிதழ் குறைகிறதா? நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்" என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் வாக்கு. போலி என்று சரிபார்ப்பில் தெரிந்தால் ஏஜென்ட்டின் பெயர் வெளியே வராது. உங்கள் பெயரில்தான் எதிர்மறை அறிக்கை பதிவாகும்.

தேர்வை வேறொருவரை வைத்து எழுதுவதும் அப்படித்தான். நைஜீரியாவின் இபாடான் நகரில் ஒரு மையத்தில் என்எம்சி தேர்வெழுதியவர்களில் பலர் நம்ப முடியாத வேகத்தில் முடித்திருந்தது 2023இல் வெளியாகி, ஆள்மாறாட்டச் சந்தேகம் எழுந்தது. பிரிட்டனில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் மறுபடி தேர்வெழுத வேண்டியதாயிற்று. நேர்மையாக எழுதியவர்களும் அந்தச் சந்தேகத்தைச் சுமந்தார்கள்.

ஆகவே விண்ணப்பங்களை உங்கள் சொந்த மின்னஞ்சல், சொந்தக் கைப்பேசி எண்ணில் தொடங்குங்கள். கடவுச்சொல்லை யாரிடமும் தராதீர்கள். பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் ஏஜென்ட்டிடம் விட்டுவிட்டு வராதீர்கள். பழைய மருத்துவமனை 'பாண்டு' என்று சொல்லிச் சான்றிதழைப் பிடித்து வைத்தால் அடங்கிப் போக வேண்டியதில்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிடித்து வைக்க உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சட்டம் தரும் பாதுகாப்பு

1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பதிவு எண்ணைத் தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராக வரும் துணை ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். ரசீது தர வேண்டும்.

வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்கள், பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும், குடியேற்ற அனுமதி பெற வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு உத்தரவிட்டது. "விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பது இந்தப் பாதுகாப்பிலிருந்து உங்களை வெளியே தள்ளும் பேச்சு. அனுமதியோடு போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கான பிரீமியம் 275 ரூபாய்தான்.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. தனியார் வாசலுக்குப் போகும் முன் அதன் அறிவிப்புகளைப் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன்

சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், விடுப்பு, பயணச்சீட்டு ஆகியவை நீங்கள் புரிந்துகொள்ளும் மொழியில் எழுத்தில் இருக்க வேண்டும். நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதியைக் கட்டாயம் படியுங்கள். அந்தத் தொகை உண்மையில் ஆன செலவுக்கு ஏற்றதாக, மாதங்கள் கழியக் கழியக் குறைவதாக இருக்க வேண்டும் என்பதே பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறை. வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதே அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், தாமதம் மோசடி செய்தவருக்கே சாதகம். பணப் பரிமாற்ற விவரம், வாட்ஸப் உரையாடல், குரல் பதிவு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இணைய வழியில் பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். ஏஜென்ட் மீது சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், உங்கள் மாவட்டக் குற்றப் பிரிவுக் காவல்துறையிலும் புகார் கொடுங்கள். பதிவு இல்லாமல் ஆள் எடுப்பவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

வெளிநாட்டில் சிக்கியிருந்தால் இந்தியத் தூதரகத்தை நாடுங்கள், 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். இங்குள்ள குடும்பத்தினர் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையை அணுகலாம். தவிக்கும் இந்தியருக்குத் தங்குமிடம், சட்ட உதவி, ஊர் திரும்பப் பயணச்சீட்டு தருவதற்கென்றே தூதரகங்களில் சமூக நல நிதி உள்ளது. அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

நர்சிங் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு மாணவியரில் பலர் வெளிநாட்டுக் கனவோடுதான் வெளியே வருகிறார்கள். இ-மைக்ரேட் தளத்தில் ஓர் ஏஜென்ட்டைச் சரிபார்ப்பது எப்படி, பணி ஒப்பந்தத்தை வாசிப்பது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு எடுங்கள். ஊசி போடக் கற்றுக்கொடுத்த அதே ஆசிரியர் சொன்னால் அவர்கள் நம்புவார்கள். ஏஜென்ட்டின் விளம்பரம் அவர்களைச் சென்று சேரும் முன் இந்த வகுப்பு நடந்தாக வேண்டும்.